ஆபத்தில்லாதவர்களுக்கு மட்டும்

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெருமை உண்டு. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஒரே ஒரு பெண்ணுக்குக்கூட அந்தக் கிருமி இருந்ததில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகப்படத்தான் செய்கிறது. இங்கே மட்டும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. "இது தொற்றில்லா மருத்துவமனை" என்று வாசலிலேயே பெரிய பலகை. பக்கத்தில் கண்காணிப்பாளரின் படம். கிருமியைத் தானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அப்போதுதான் கையை உதறிக்கொண்டு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு நாள் காலையில் தையல்காரி வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன், பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான். இத்தனைக்கும் அவன் அப்படிப்பட்ட பையன்களைப் பிடித்துக் கொடுக்கும் ஆள். அறிவியல் வாத்தியார்.

விஷயம் இதுதான். போன வாரம் எட்டாம் வகுப்பில் அவன் ஒரு பாடம் நடத்தினான். அந்தக் கிருமி எப்படிப் பரவும், யாருக்கெல்லாம் வரலாம், அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகும், நேரத்தோடு கண்டுபிடித்து அம்மா மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையை எப்படிக் காப்பாற்றலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் பேச்சு நின்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வருஷாவருஷம் நடத்துகிற பாடம்தான். இந்த வருஷம்தான் அது அவனுக்கே புரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவன் கடைசியில் சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால், வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில், ஒரே ஒரு தடவை. கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள் என்றான்.

"இழுத்துக்கிட்டுப் போனாங்களா? நீங்க என்ன கன்னுக்குட்டியா?" என்றாள் தையல்காரி.

அதற்கப்புறம் ரொம்ப நேரம் அழுதாள். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "கிளம்புங்க. உங்கமேல இருக்கற கோவம் எங்கயும் ஓடிப் போயிடாது. அத நிதானமா வெச்சுக்கலாம். வயித்துல இருக்கறது நிதானமா இருக்காது" என்றாள்.

வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் மாதாமாதம் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். அங்கே போய்க் கேட்டபோது, "உங்க முகத்தப் பாத்தா அப்படியெல்லாம் தெரியலையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், "நீங்க எங்க எல்லைக்குள்ள வரமாட்டீங்க" என்று இங்கே விரட்டிவிட்டார்கள். ஆக, மிச்சமிருந்தது இந்தக் கழுவித் துடைத்த இடம்தான்.

பரிசோதனை அறை வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இங்கே உங்கள் ரகசியம் காக்கப்படும்" என்று எழுதிய கதவைத் திறந்து போட்டு, அது சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லும் வைத்திருந்தார்கள். உள்ளே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் ஆலோசகி அம்மாள் ரகசியங்களைக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரர் வெளியூர் தங்குறவரா? இல்ல. ரத்தம் ஏத்தியிருக்கா? இல்ல. ஊசி போட்டுக்கற பழக்கம்? இல்ல. வேற சகவாசம்? சீச்சீ, இல்ல. கை நீட்டும்மா."

பதில்களையும் அவளே சொல்லிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்தவளுக்குத் தலையாட்டுவது மட்டும்தான் வேலை. ஒருத்தி மட்டும், "எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டறாரு" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். ஆலோசகி முகம் சுண்டிப்போய், "அடுத்தவங்க வாங்க" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அவள் ஏன் அனுப்பப்பட்டாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த தையல்காரிக்கும் தெரியவில்லை.

தையல்காரியின் முறை வந்தது.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"வாத்தியார்."

ஆலோசகியின் முகம் பூத்துவிட்டது. "வாத்தியாரா! லாரி இல்ல, கப்பல் இல்ல, வெளிநாடு இல்ல. உங்கள மாதிரி பத்துப் பேரு வந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா. கை நீட்டுங்க."

"மேடம், அவரு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ..."

"அதெல்லாம் நான் கேக்கலையே!"

"நீங்க கேக்கல. நானா சொல்றேன்."

"கேட்டாத்தாம்மா சொல்லணும்."

"அப்ப கேளுங்க."

ஆலோசகி கேட்கவில்லை. ஆனால் தையல்காரி சொல்லி முடித்துவிட்டாள். மின்விசிறிச் சத்தத்தையும் மீறி வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. வெளியே வாத்தியார் பையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டான்.

"அநியாயமா உங்க பேர நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே" என்று ஆலோசகி உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "ஆபத்து இருக்கறவங்களுக்கு இங்க டெஸ்ட் கிடையாதும்மா."

தையல்காரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "ஆபத்து இல்லாதவங்களுக்கு எதுக்கு மேடம் டெஸ்ட்?"

"இல்லைன்னு உறுதிப்படுத்தறதுக்கு."

"அப்ப இருக்கறவங்களுக்கு?"

"இருக்குமோன்னுதான் ஏற்கெனவே சந்தேகம் இருக்கே. அந்தச் சந்தேகத்தையும் போயி எதுக்கு உறுதிப்படுத்தணும்? கெட்ட விஷயமாச்சே!"

கத்தரிக்கோலைத் துணி வெட்டாதவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னால் தையல்காரி என்ன செய்வாள்? அவள் மேல் இரக்கப்பட்டு ஆலோசகியே வழி சொன்னாள்.

"கவலைப்படாதீங்க. கடைசி அறைக்குப் போங்க. ஆபத்து நீக்கும் பிரிவு. அங்க உங்க ஆபத்த நீக்கிட்டாங்கன்னா நேரா இங்க வந்துடலாம்."

இருவரும் நடையைக் கடந்து கடைசி அறைக்குப் போனார்கள். மேஜை இருந்தது, ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் பின் கதவைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அதே ஆலோசகி. இங்கே மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க. என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"மேடம், இப்பத்தானே அங்க..."

"அது வேற பிரிவு. அங்க சொன்னத நான் கேக்கக்கூடாது. ரகசியம்." பிறகு வாத்தியாரைப் பார்த்து, "சார், உக்காருங்க. பதட்டப்படாம நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. அன்னிக்கு அங்க போனது நீங்கதானா?" என்றாள்.

"நான்தான் மேடம்."

"உங்க ஜாடையில வேற யாராவது?"

"இல்ல மேடம். நானேதான்."

"ஒரே ஒரு தடவைன்னா அத நாங்க தொடர்புன்னு போடமாட்டோம் சார். அறிமுகம்னு போடுவோம். அறிமுகத்துக்கு ஆபத்து கிடையாது."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தான். எவ்வளவு கூனிக் குறுகிப் போயிருந்தாலும் பாடத்தைத் தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. "கிருமிக்கு அறிமுகமே போதும் மேடம்" என்றான்.

"இப்படி ஒத்துழைக்காம இருந்தா நான் எப்படி சார் உங்க ஆபத்த நீக்கறது?" ஆலோசகிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "சரி, உங்க தலைமையாசிரியர்கிட்ட ஒரு ஒழுக்கச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. இன்னார் அன்னிலருந்து இன்னிவரைக்கும் ஒழுக்கமானவர்னு அவரு எழுதிட்டா, நடந்தது நடக்கலைன்னு ஆயிடும்."

"அவரும் அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தாரு மேடம்" என்றான் வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு. "இழுத்துக்கிட்டுப் போனதுல ஒருத்தரு அவருதான்."

ஆலோசகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். விதியைத் தளர்த்தும் அதிகாரம் கண்காணிப்பாளர் ஒருவருக்குத்தான் உண்டு என்றும், ஆனால் இன்றைக்குப் பார்த்து அவருக்கு வாழ்நாளிலேயே பெரிய நாள் என்றும் சொன்னாள். "போயி நில்லுங்க. உங்க அதிர்ஷ்டம் எப்படி இருக்கோ."

ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, நாற்காலி போட்டு அமர்க்களமாக இருந்தது. தொற்றில்லா மருத்துவமனை என்பதற்கான கேடயம் அன்றைக்குத்தான் தரப்போகிறார்கள். இரண்டு வருஷமாக அந்தக் கேடயத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாததால் கண்காணிப்பாளருக்கே ஊழியர்கள் கேடயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேடயம் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோய் எங்கிருந்து வருகிறது? பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். என்னுடைய அனுபவத்தில் சொல்கிறேன், நோய் பரிசோதனைக் கூடத்திலிருந்து வருகிறது! எங்கே அதிகம் தேடுகிறார்களோ அங்கேதான் அதிகம் கிடைக்கிறது. இந்த எளிய உண்மையை உணர்ந்து, தேடுவதில் நாங்கள் ஒரு நிதானத்தைக் கடைப்பிடித்தோம். இதோ, நோயே இல்லை!"

காலி நாற்காலிகளின் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் தையல்காரி முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு வருஷ உழைப்பும்மா. எத்தன பேர டெஸ்ட் பண்ணாம அனுப்பி எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்துக்கு வந்திருக்கோம் தெரியுமா? உங்க ஒரு சொட்டு ரத்தத்தால எல்லாம் போயிடும். பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணா இருக்கீங்க. உங்களுக்கு மனசு வருதா?"

"எனக்கு என் பிள்ளைய நெனச்சாத்தான் சார் மனசு வருது. அது பொறக்கறதுக்குள்ள தெரிஞ்சா மாத்திரை சாப்பிட்டுக் காப்பாத்தலாமாம்."

"பிள்ளை பொறக்கட்டுமே, யாரு வேணாங்கறா? பொறந்தப்புறம் அது குழந்தைகள் பிரிவு. அவங்களுக்குத் தனிக் கேடயம். அது அவங்க பாடு."

தையல்காரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையில் ஊசியும் நூலும் இருந்திருந்தால் அந்த வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாள். அதற்குள் ரத்தப் பரிசோதனைக்காரர் வேட்டை நாய் துரத்தியதுபோல ஓடி வந்தார்.

"சார், மாதிரிக் கர்ப்பிணி ஓடிப் போயிட்டாங்க!"

மாதிரிக் கர்ப்பிணி என்பது வேறு யாருமில்லை, கேடயத்தின் சொந்தக் கொழுந்தியாள். சிறப்பு விருந்தினர் முன்னிலையில் மேடையிலேயே ஒரு கர்ப்பிணிக்குப் பரிசோதனை செய்து, இல்லை என்று அறிவித்து, கையோடு கேடயத்தை வாங்குவதாக ஏற்பாடு. ஆபத்து துளியும் இல்லாத வயிறாக வேண்டுமே என்று குடும்பத்திலேயே தேர்ந்தெடுத்திருந்தார். அவள் அலங்காரமெல்லாம் செய்துகொண்டு வந்தவள், "என்ன, நெஜ ஊசியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாளாம்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர்! கேடயம் பேயறைந்தவர் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தார். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்த ஒரே வயிறு தையல்காரியுடையதுதான்.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க பாப்போம்" என்றார்.

"நெஜமா ரத்தம் எடுப்பீங்களா?"

"எடுப்போம், எடுப்போம்."

"நெஜமா சோதிச்சுப் பாப்பீங்களா?"

"மேடையில யாராவது பொய் சொல்லுவாங்களாம்மா?" என்று சொல்லும்போதே அவளைக் கையைப் பிடித்து மேடை ஏற்றிவிட்டார்.

மேடையில் எல்லாம் மளமளவென்று நடந்தது. பரிசோதனைக்காரர் அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் விட்டார். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது; அது தெரியக் கால் மணி நேரம் ஆகும். சிறப்பு விருந்தினருக்கோ அவ்வளவு நேரம் கிடையாது. ஏற்கெனவே அச்சடித்துச் சட்டம் போட்டுத் தயாராக இருந்த முடிவை வாங்கி, கம்பீரமான குரலில், "இத்தாயாருக்குத் தொற்று இல்லை!" என்று படித்தார். பட்டையில் ரத்தம் இன்னும் ஊறி முடிக்கவில்லை. பந்தலில் நிரம்பியிருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். கேடயம் கேடயத்தை வாங்கினார். அவருக்கும் விருந்தினருக்கும் நடுவில் தையல்காரியை வயிற்றோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு சிறப்பு விருந்தினரைத் தேநீருக்கு அழைத்துப் போனார்கள்.

தையல்காரி படத்துக்குச் சிரிக்கவில்லை. அவள் கண் முழுக்கப் பட்டை இருந்த தட்டின்மேல் இருந்தது. பரிசோதனைக்காரர் அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக் குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தபோது, மேடையிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எங்க போறீங்க? அது என் ரத்தம்."

"முடிவுதான் சொல்லியாச்சேம்மா?"

"அது அவரு படிச்சது. இது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

வாத்தியாரும் பின்னாலேயே வந்து சேர, பரிசோதனைக் கூடத்தில் மூன்று பேரும் தட்டைச் சுற்றி நின்றார்கள். "இத்தன வருஷமா ஒரே கோட்டப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே பூத்துப்போச்சும்மா" என்று பரிசோதனைக்காரர் அலுத்துக்கொண்டார். சொல்லி வாய் மூடவில்லை, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு மெதுவாகச் சிவந்து வந்தது. அவர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உறுதிப்படுத்துவதற்காக இருக்கும் வேறு இரண்டு வகைப் பரிசோதனைகளையும் உறை பிரித்துச் செய்தார். வாத்தியாரின் விரலிலும் குத்தினார். எல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னன. இருக்கிறது. இருவருக்கும்.

வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் தையல்காரி வந்தாள். இப்போது அவனைப் பார்த்தால் அதற்கும் தெம்பில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்திருங்க" என்றாள் கடைசியில். "அழுவுறத வீட்டுல போயி அழுவலாம். இப்ப மாத்திரை வாங்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கேடயம் உள்ளே வந்தார், கேடயத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு. பரிசோதனைக்காரர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் இறங்குவதற்கு மறந்துபோய் அப்படியே நின்றது.

"மாத்திரையா? மாத்திரை இருக்கறவங்களுக்குத்தாம்மா குடுப்போம். உங்களுக்குத்தான் இல்லையே."

"இருக்கு சார். தட்டப் பாருங்க."

"தட்டு சொல்லலாம். சிறப்பு விருந்தினரே இல்லைன்னு படிச்சிட்டாரும்மா. அவரு படிச்சதுக்கு மேல வைத்திய சாஸ்திரத்துல எதுவும் கிடையாது. அவர எதுத்து உங்களுக்கு எப்படி நோய் வரும்?"

"சரி சார்" என்றாள் தையல்காரி. "அவரு இன்னும் டீதான் குடிச்சிட்டிருக்காரு. மைக்கும் அப்படியேதான் இருக்கு. நான் போயி, ஐயா தப்பாப் படிச்சிட்டீங்கன்னு சொல்லி, திருத்தி வாங்கிட்டு வந்துடறேன்."

கிளம்பிவிட்டாள். காலையிலிருந்து தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த வாத்தியார் தரையிலிருந்து எழுந்தான். பையைக் கீழே வைத்தான்.

"இரும்மா, நானும் வரேன். ஆரம்பிச்சது நான். நானே மைக்குல சொல்றேன். எட்டாம் வகுப்புப் பாடம்தானே, பெரியவங்களுக்கும் புரியும்."

அவ்வளவுதான். கேடயம் நாற்காலியில் தொப்பென்று விழுந்து, கேடயத்தைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி அழ ஆரம்பித்தார். இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று புலம்பினார். சத்தம் கேட்டு ஓடி வந்த ஆலோசகி அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிப்பட்ட முடிவு வந்தால் என்ன பேச வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பேசத்தான் ஒருநாளும் வாய்க்கவில்லை. இப்போது ஒரு வார்த்தை விடாமல் பேசினாள்.

"சார், மனசத் தளர விடாதீங்க. இதோட வாழ்க்கை முடிஞ்சு போயிடல. இப்பல்லாம் நல்ல மாத்திரை இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல நல்லா இருக்கலாம். பிள்ளையும் நல்லா பொறக்கும். யாரு மேலயும் தப்பு சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நீங்க தனியா இல்ல சார், நாங்கல்லாம் கூட இருக்கோம்."

பரிசோதனைக்காரர் அட்டையால் அவருக்கு விசிறினார். யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். தையல்காரியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று ஆலோசகி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கிக்கொண்டாள். யாருக்குச் சொன்னால் என்ன, அவளுக்கு அது வேண்டியிருந்தது. பிள்ளையும் நல்லா பொறக்கும் என்ற இடம் வந்தபோது அவளுக்கு அன்றைக்கு அதுவரை வராத அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேடயத்தின் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்க சார். மாத்திரைக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு அழுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவளே எடுத்து அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். மைக் என்ற வார்த்தையை இன்னொரு தடவை சொன்னாள். அவர் தேம்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். யாருமே தொடாத அலமாரியிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து வந்தார்கள். தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், நல்லவேளையாகக் காலாவதி ஆகியிருக்கவில்லை.

அதற்குள் கேடயத்துக்குத் தண்ணீர் வந்தது. அவர் கை நீட்டுமுன் தையல்காரி டம்ளரை வாங்கி, மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்கில் விழுங்கினாள். காலி டம்ளரை அவர் மடியில் இருந்த கேடயத்தின்மேல் வைத்தாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குச் சாப்பிடணுமா மேடம்?" என்று கேட்டாள்.

ஆலோசகி கேடயத்தின் கையை விட்டுவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. தினமும். ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றாள். இந்தத் தடவை கத்தாமல் சொன்னாள்.

"விடமாட்டேன்" என்றாள் தையல்காரி.